புல்லுக்குள் போன கோட்டை

நெஸ்டாவின் முழங்கால் தேய்ந்ததே அந்தப் பாழாய்ப்போன கோட்டையால்தான். வேல்ஸ் மலையோரத்தில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கோடை வந்தால் தொல்லியல்காரர்களோடு சேர்ந்து தம்பி கெதினின் மேய்ச்சல் நிலத்தில் மண்டியிட்டுச் சுரண்டுவாள். எழுநூறு வருஷத்துக்கு முன் எரித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை அது. 'கோட்டைக்கொல்லை' என்ற பெயரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. "என்னக்கா, ராஜா எந்திரிச்சுட்டாரா?" என்று கெதின் சீண்டாத நாளில்லை.

இந்த வருஷம் அவன் சீண்டவில்லை. "திங்கக்கிழமை ஆழமா உழப்போறேன். உருளைக்கிழங்கு போடணும். ஆட்டை வச்சு இனிமே என்ன கண்டோம்?" என்றுவிட்டான்.

வெள்ளிக்கிழமை, முழங்கை ஆழத்தில் கோபுரத்தின் அடிச்சுவர் தட்டுப்பட்டது. நெஸ்டா குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். நேரில் பார்த்தால் உழ மனசு வராது என்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"பார்லி வயல்ல கெடக்கு, மழை வருது. உன் கல்லு எங்கயும் ஓடிப்போயிராதுக்கா."

தோண்டியதை மூடாமல் போகும் வழக்கம் தொல்லியல்காரர்களுக்குக் கிடையாது. திறந்து கிடந்தால் சுவர் உதிரும், ஆடு விழும். "ஒரே ஒரு நாள் விடேன், ரியான்," என்று குழுத் தலைவியிடம் கெஞ்சினாள்.

"எனக்கும் மனசு கேக்கல. சட்டப் பாதுகாப்பு வர ஒரு வருஷம் ஆகும். உங்க தம்பிகிட்ட நீங்கதான் பேசணும்."

சனிக்கிழமை மூடினார்கள். வெட்டியெடுத்த புல்கட்டிகளை ஒட்டுத் தெரியாமல் திரும்பப் பதிப்பதில் நெஸ்டாவை மிஞ்ச ஆளில்லை. இரவு மழையும் சேர்ந்துகொள்ள, காலையில் தோண்டிய தடமே இல்லை.

ஞாயிறு பிரார்த்தனை முடிந்து கெதின் வேலியோரம் வந்து நின்றான். "எங்க உன் கோட்டை? வெறும் புல்லுதான் தெரியுது."

கைப்பேசியில் படத்தைக் காட்டினாள்.

"கல்லு எல்லா ஊர்லயுந்தான் இருக்கு."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. "அங்கதான்டா. உழுதா உழுதுக்க, போ," என்று பொத்தாம்பொதுவாகக் கையை வீசிவிட்டு நடந்தாள்.

திங்களன்று டிராக்டர் சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கமே அவள் போகவில்லை. மதியம் கெதினே வந்து கதவைத் தட்டினான். "வந்து பாருக்கா."

நிலம் முழுக்க மண் புரண்டு கிடந்தது. நேற்று அவள் கை வீசிய திசையில், ஓக் மரத்தடியில் மட்டும் வீட்டளவுக்குப் புல்லை விட்டிருந்தான்.

"உன் ராஜாவைத் தொடல. அவ்ளோ கல்நெஞ்சனா நானு?" தொப்பியைக் கழற்றிச் சிரித்தான்.

சுவர் ஓக் மரத்தடியில் இல்லை. கீழே ஓடைப் பக்கம், உழுத சால்களில், உடைந்த கற்கள் சுண்ணாம்புக் காரையோடு மேலே வந்து கிடந்தன. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவன் அவளுக்காகச் செய்த ஒரே காரியம் இது.

"நல்லா விட்டிருக்கடா," என்றாள்.