குதிரையை மறைக்கச் சொன்னவர்

“தங்கச்சி, உந்தக் குதிரையை மட்டும் வெட்டி எடுத்துவிடும். மிச்சம் நல்ல படம்” என்றார் குலம் அண்ணை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் ஸ்காபரோவில் படங்களுக்குப் பிறேம் போடும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் ஈழத்து ஆட்கள் கொண்டுவருவது பெரும்பாலும் சாமிப் படம், கலியாணப் படம். குலம் அண்ணை கொண்டுவந்தது போர்க்களம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியமொன்றின் பெரிய அச்சுப்பிரதி. வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் வாங்கியிருந்தார். பக்கத்து மார்க்கம் நகரில் வாங்கிய புதுவீட்டு ஹோலுக்காம். சோபாவின் நீளத்துக்குப் படம் சரியாக இருந்ததுதான் காரணம்.

படமெங்கும் பனி. தூரத்தில் கொடியோடு ஒரு படை போகிறது. முன்னால், தலையில் கட்டுப்போட்ட சிப்பாய் ஒருவன் முழங்காலில் இருக்கிறான். விழுந்து கிடக்கும் குதிரையின் தலையை மடியில் தாங்கி, தன் தண்ணீர்க் குடுவையை அதன் வாயில் சரிக்கிறான்.

“மனுசி வீட்டுக்குள்ள சண்டைப் படம் வேண்டாமெண்டு நிக்குது. சாகிற குதிரை தெரியாட்டி ஓமெண்டும்.”

வெட்டாமல் மற் போர்டால் மறைக்கலாம் என்றேன். அது படத்துக்கும் பிறேமுக்கும் இடையில் வைக்கும் தடித்த மட்டை. துண்டுகளை வைத்துப் பார்த்தேன். குதிரையை மறைத்தால் சிப்பாய் பனிக்குத் தண்ணீர் ஊற்றினான். சிப்பாயையும் மறைத்தால் கொடியும் மேகமும்தான் மிச்சம்.

“வானம் வடிவாத்தானே இருக்கு?”

“அப்ப வானப் படமே வாங்கியிருக்கலாமே அண்ணை?”

“சோபாவுக்கு அளவா வரவேணுமே, பிள்ளை!”

சனிக்கிழமை மனைவி ரஞ்சி அக்காவையும் கூட்டிவந்தார். குதிரையை மட்டும் மறைத்து, படத்தை மேசையில் வைத்தேன். அக்கா குனிந்து பார்த்தார்.

“உவன் ஆருக்குத் தண்ணி குடுக்கிறான்?”

குலம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அக்கா தானே மட்டையைத் தூக்கினார். அடியில் குதிரை கிடந்தது.

“ஊரை விட்டு வெளிக்கிடேக்கை மாட்டை அவிட்டுவிட்டனான். செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஒரு வாளி தண்ணி வைச்சிட்டு வந்திருக்கலாம். அந்த நேரம் நினைவு வரேல்லை.”

“நீர் இதை எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே?” என்றார் குலம் அண்ணை.

“நீங்கள் கேக்கேல்லை.”

குலம் அண்ணை மனைவியின் கையிலிருந்த மட்டையை வாங்கி என்னிடம் தந்தார்.

“முழுசாப் போடும், தங்கச்சி.”

மெல்லிய மரப் பிறேம் போட்டுக் கொடுத்தேன். சில கிழமை கழித்து அண்ணை கடைப்பக்கம் வந்தார். படம் ஹோலுக்குப் போகவில்லையாம். அக்கா அதைத் தான் சமைக்கும் குசினிச் சுவரில் மாட்டிவிட்டாராம்.

“இப்ப மனுசி என்னோட கதைக்கிறதிலும் பாக்க குதிரையோடதான் கூடக் கதைக்குது” என்று முறையிட்டார். முகத்தில் கோபம் இல்லை. “நானும் தேத்தண்ணியோட பக்கத்தில நிண்டு கேக்கிறன்.”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மட்டையில் கத்தி வைக்கமுன், படத்தைத் தினமும் பார்க்கப்போகிறவர் யார் என்று கேளுங்கள். அவரையும் கடைக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். சில தம்பதிகள் உங்கள் மேசையிலேயே சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும். நீங்கள் உள்ளே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு ஆறுதலாக வாருங்கள்.