லாட ஆணியும் எதிரே வந்த அத்தையும்

எழுபதுகளின் நடுவில் நான் பெரியகுளத்தில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கார் சொந்தக் கார்தான். மூன்று பேர் ஓட்டித் தேய்த்துவிட்டு என் தலையில் கட்டியது. சொந்த வண்டி என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கும், அதற்குச் செலவு செய்வதென்றால் மட்டும் கை வராது. டயரில் நூல் தெரிகிற வரைக்கும் ஓட்டுவேன். டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியின் ட்யூபில் ரப்பரை விட ஒட்டுதான் அதிகம்.

ஸ்டாண்டில் எங்களுக்குள் முறை உண்டு. முதலில் வந்து நிற்கிற வண்டிக்கு முதல் சவாரி. இடையில் எதற்காகவாவது வண்டியை எடுத்தால் திரும்பி வந்து கடைசியில்தான் நிற்க வேண்டும். கடைசியில் நின்றால் அன்றைக்குச் சவாரி கிடைப்பது நிச்சயமில்லை.

ஒரு நாள் காலை முதல் சவாரி என் முறை. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்பக்க இடது டயரில் ஒரு லாட ஆணி ஏறியிருப்பதைப் பார்த்தேன். பூண்டு மூட்டை ஏற்றிவரும் வண்டி மாடுகளின் கால் லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் அந்த ரோடு முழுக்கக் கிடக்கும். எச்சிலைத் தொட்டு அதன் மேல் வைத்தேன். குமிழி வரவில்லை. ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது, பிடுங்கினால்தான் வம்பு என்பது எங்கள் ஸ்டாண்டு வைத்தியம். பஞ்சர் கடை எட்டு மணிக்குத் திறக்கும், அதுவரை முறையை விட எனக்கு மனமில்லை. சவாரி வருகிறவர் கண்ணில் படக் கூடாதென்று ஆணித் தலையின் மேல் கொஞ்சம் ஈரமண்ணைத் தடவினேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த மண் தடவிய விரலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். வடுகபட்டியில் ஒரு பூண்டு மண்டியில் எடை போடுகிறவர். அவருடைய மகளுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு மதுரையில் இன்டர்வியூ, காலை பத்து மணிக்கு. கடுதாசி முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்திருக்கிறது. விடியற்காலை பஸ் வரவில்லை, அடுத்த பஸ்ஸில் போனால் நேரத்துக்குச் சேராது. கார் வைத்துப் போகிற ஆள் இல்லை அவர். போட்டிருந்த சட்டையே அதைச் சொன்னது. போய்விடலாமா என்று கேட்டார். ஒன்பதரைக்கெல்லாம் இறக்கிவிடுகிறேன் என்றேன்.

வடுகபட்டியில் வீட்டு வாசலில் அந்தப் பெண் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தயாராக நின்றாள். இருவரும் ஏறியதும் வண்டியைக் கிளப்பினேன். அப்போது உள்ளேயிருந்து வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா தூக்குச்சட்டியோடு ஓடிவந்து வண்டிக்கு நேர் எதிரே நின்றார். எடை போடுகிறவரின் அக்கா. புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். புள்ள சாப்பிடாமப் போகுது என்று ஜன்னல் வழியாகத் தூக்குச்சட்டியைக் கொடுத்தார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேவதானப்பட்டி வரை வண்டி ஒழுங்காகத்தான் போனது. மலைக்குப் பிரிகிற காட்ரோடு தாண்டியதும் பின்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தேன், டயர் தரையோடு கிடந்தது. ஸ்டெப்னியை மாட்டினால் அதிலும் காற்றுப் பாதி. பம்பை வைத்து மிதித்து, நத்தை மாதிரி உருட்டி வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தேன்.

பஞ்சர் கடைக்கு எதிரே மதுரை பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. அதில் போயிருந்தால் அடித்துப்பிடித்தாவது சேர்ந்திருப்பார்கள்.

"தம்பி, நாங்க பஸ்ஸுல போயிரவா?" என்று கேட்டார் அவர்.

பாதி வழியில் இறங்கிப் போய்விட்டால் என் வாடகையும் பாதியாகிவிடும். "பத்து நிமிஷம்ணே, ஒட்டுப் போட்டதும் பறந்துரலாம்" என்றேன். என் பேச்சை நம்பி அவர் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார். பஸ் போய்விட்டது.

ட்யூப் ஓரிடத்தில் அல்ல, மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. ஆணி உள்ளேயே புரண்டு புரண்டு கிழித்திருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் அதைக் குறட்டால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். தலை தேய்ந்து பளபளவென்றிருக்கிறது, ஏறி ரெண்டு நாளாவது இருக்கும், பாக்கலையா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஆணியைச் சாக்கடையில் போட்டேன். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது.

மரத்தடிக்குப் போய், வழியில் ஆணி ஏறிவிட்டது என்று சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

"ஆணி என்ன தம்பி செய்யும். எங்க அக்கா எதுக்க வந்தப்பவே இன்னிக்கு வெளங்காதுன்னு தெரிஞ்சு போச்சு" என்றார்.

"அத்த என்ன செஞ்சாக? சோறுதான கொண்டாந்தாக" என்றாள் அந்தப் பெண். அவர் அவளை அதட்டி அடக்கினார். தூக்குச்சட்டியை அவள் தொடக் கூடாதென்று சொல்லி, என்னைச் சாப்பிடச் சொன்னார். எனக்கு நல்ல பசி. புளிச்சோறும் தேங்காய்த் துவையலும். வழித்துச் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

மதுரை போய்ச் சேரும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. உள்ளே போன இருவரும் சீக்கிரமே வெளியே வந்தார்கள். பெயர் கூப்பிட்டு முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த வருஷம் வரை மகளை வீட்டில் வைத்திருக்கிற எண்ணம் அவருக்கு இல்லையென்று திரும்பி வரும் வழியில் அவர் கல்யாணப் பேச்சை எடுத்ததிலேயே தெரிந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். தூக்குச்சட்டியை வாங்கித் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. "புள்ள சாப்பிட்டுருச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குள் தம்பி அவரைத் திட்டத் தொடங்கினார். இனி யார் வெளியே கிளம்பினாலும் வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாதென்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அந்த அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் மீதி வாடகையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் தினமும் கேட்டுக்கொண்டேன். சொன்னால் ஸ்டாண்டில் என் பெயர் கெடும், சவாரி போகும், அப்புறம் அடுப்பு எப்படி எரியும் என்று மனசு ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தது. எல்லாம் உண்மைதான். அதற்காக ஒரு மனுஷியின் தலையில் என் ஆணியை இறக்கி வைத்ததும் உண்மைதான்.

நாலைந்து மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து என்னையே தேடி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் போடியில் ஓர் இடம் அமைந்திருந்தது, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். முந்தின நாளே நாலு டயரையும் கழற்றிப் பார்த்தேன், ஸ்டெப்னிக்குப் புது ட்யூப் போட்டேன். அன்றைக்குச் செய்ய வேண்டியதை அப்போது செய்தேன்.

எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். அங்கே மாட்டுக் கொட்டத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் இங்கன நிக்கிறது தெரியாம வந்துட்டீகளா தம்பி? ஒண்ணும் நெனச்சுக்காதீக. செத்த உக்காந்து, ஒரு வா தண்ணி குடிச்சுட்டுப் போங்க. நல்ல காரியத்துக்குப் போறாக" என்றார், முகத்தைக் காட்டாமலே.

சகுனம் தப்பினால் அப்படிச் செய்துவிட்டுக் கிளம்புவது எங்கள் பக்கத்து வழக்கம். தன்னால் வரப்போகும் கெடுதலுக்குத் தானே பரிகாரம் சொன்னார் அவர். சுற்றிலும் யாரும் இல்லை. ஆணி முதலிலேயே இருந்தது அம்மா, நான் பார்த்தேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். எழுந்து போனேன்.

அன்று வண்டி ஒரு குறையும் இல்லாமல் போய் வந்தது. இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம். வடுகபட்டி எல்லைக்குள் நுழையும்போது, முன் சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எடை போடுகிறவர் நிறைந்த மனசோடு சொன்னார்.

"பாத்தீகளா தம்பி, இன்னிக்கு எங்க அக்கா எதுக்க வரல. எம்புட்டு சுளுவாப் போயிட்டு வந்துட்டோம்."

"ஆமாண்ணே" என்றேன்.