படலையடிச் செவ்வரத்தை

யாழ்ப்பாணத்தில் பூத்திருடரை எங்களுக்குத் தெரியும். விடியுமுன் வேலிக்கு மேலாகக் கொக்கத்தடி நீளும். பூ போய்விடும், செடி நிற்கும். வீட்டுக்காரர் நாலு வார்த்தை ஏசுவார். திருடினவர் அந்தப் பூவையே கோயிலில் சாத்திவிட்டு வந்து சுகம் விசாரிப்பார். ஆனால் ஸ்கந்தபுரத்துக்கும் அப்பால், காடு வெட்டித் திறந்த எங்கள் குடியேற்றத்தில் நான் கண்டது அந்த வகைத் திருட்டன்று. விடுமுறைக்கு வந்திருந்த என்னை அம்மா வாசற் படலையடிக்கு அழைத்துப் போய்ச் செவ்வரத்தைச் செடியைக் காட்டினா. விரிந்த பூவை ஒருவரும் தொடவில்லை. அதன் பக்கத்தில், தளிரும் மொட்டுமாக நின்ற இளங்கொப்பு முறிக்கப்பட்டிருந்தது. பட்டை உரிந்து தொங்க, முறிந்த வாயில் வழுவழுப்பான சாறு இன்னும் காயவில்லை. மறுநாள் காலை இன்னொரு கொப்பு. அதற்கடுத்த நாளும் அப்படியே. பூவை விட்டுவிட்டுக் கொப்பைக் கொண்டுபோகிறவர் எப்படிப்பட்ட மனிதர் என்று எண்ணி நான் திகைத்து நின்றேன்.

இதை வாசிக்கும் தென்மராட்சி உறவினர் இது ஒரு செடியின் கதைதானே என்று நினைக்கக்கூடும். முரசுமோட்டையிலும் பிற இடங்களிலும் எங்களைப் போலக் குடியேறியவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். ஐயாவுக்கு, என் தந்தைக்கு, ஊரில் சொந்த நிலமில்லை. பிறர் தோட்டத்தில் புகையிலை நட்டே அவருடைய முதுகு வளைந்தது. வயற்காணி கிடைத்ததும் அவர் மறுபேச்சின்றிப் புறப்பட்டார். குடும்பம் வந்து குடியிருந்தால்தான் காணி நிலைக்கும் என்பது குடியேற்றக் கொலனியின் விதி. அம்மா வந்தா, ஆனால் மனமில்லாமல் வந்தா. கூறைச்சேலையும் குத்துவிளக்கும் வைத்த றங்குப்பெட்டியை அவ திறக்கவேயில்லை. லொறியில் ஏறும்போது பிறந்தகத்துச் செவ்வரத்தையில் வெட்டிய ஒரு தடியை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தா. அதை நட்ட அன்று ஐயாவிடம் சொன்ன சொல்லை எனக்கும் திருப்பிச் சொன்னா: “இது வேர் பிடிச்சு ஒரு வருஷம் நிண்டால் நானும் நிப்பன். பட்டுப்போச்செண்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளையோட போயிடுவன்.” என்னோடு என்றால், சாவகச்சேரியில் மாமா வீட்டுக்கு. அங்கே தங்கித்தான் நான் பண்டித வகுப்பில் இலக்கியம் படிக்கிறேன்.

அந்த ஒரு வருடம் இந்த விடுமுறையோடு முடிய இருந்தது.

அம்மா அதை வளர்த்த விதம் ஊரில் எவரும் செவ்வரத்தைக்குச் செய்யாத பணிவிடை. ஊரில் அது தானாக வளரும். குளித்த தண்ணீர் ஓடும் வழியில் ஒரு தடியைக் குத்திவிட்டால் போதும். இங்கே வாய்க்கால் நீர் எட்டும் இடமென்று படலைக்கு வெளியே குழி வெட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் மட்டைகளைப் புதைத்து, அதன்மேல் தடியைச் சாய்த்து நட்டிருந்தா. கோடையில் களிமண் வெடித்து வேர் தெரிந்தபோது சாணமும் மணலும் குழைத்து வெடிப்பை மூடினா. மேற்கு வெயிலுக்குத் தென்னங்கிடுகு கட்டி மறைத்தா. இலையின் அடியில் வெள்ளைப்பூச்சி அப்பியபோது சாம்பலைத் தூவி, மறுநாள் இலை இலையாகக் கழுவினா. காய்ந்த இலையைக்கூடக் கையால் இழுக்காமல் கத்தரிக்கோலால் வெட்டியெடுக்கும் அந்தச் செடியைத்தான் யாரோ நாள்தோறும் உரித்துப் போனார்கள்.

கொலனியில் எல்லோருக்கும் ஒரே விளக்கம்தான் இருந்தது. காட்டையொட்டிய பழைய கிராமத்தாருக்கு எங்களைப் பிடிக்காது. அவர்களுடைய காட்டையும் மேய்ச்சல் தரையையும் நாங்கள் பறித்துக்கொண்டதாக எண்ணி இப்படி வஞ்சம் தீர்க்கிறார்கள் என்றனர். எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது. ஆகவே ஒரு நாள் விடியற்காலையில் படலைக்கு உட்புறம் காத்து நின்றேன். வந்தவர் நடுவயதுப் பெண்மணி. தோளில் கயிறு, கையில் கத்தி. பழைய கிராமத்து வள்ளியம்மை என்று பின்னால் அறிந்தேன். செடியைச் சுற்றி ஒருமுறை பார்த்து, நல்ல கொப்பாகத் தேர்ந்து முறித்தார். நான் வெளியே வந்தேன். அவர் திடுக்கிடவில்லை, எனக்கே திடுக்கிட்டது.

“ஏன் எங்கட கொப்பை முறிக்கிறியள்?”

“காட்டுக்குப் போறன், பிள்ளை,” என்றார், அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை என்பதுபோல.

“காட்டில விறகில்லையோ?”

“செவ்வரத்தையை வைச்சு அடுப்பெரிக்க எனக்கென்ன விசரோ?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “பிள்ளையாருக்கெண்டுதானே கொம்மா படலைக்கு வெளியால நட்டவ? எங்கட சனமெல்லாம் அவவை வாழ்த்திக்கொண்டெல்லோ போகுது. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கும் இப்பிடி ஒரு மனம் இருக்கெண்டு.”

அவர் கைகாட்டிய திசையில், பாதை காட்டை நோக்கித் திரும்பும் இடத்தில், ஒரு கருங்கல் நின்றது. நான் அதை எல்லைக்கல் என்று எண்ணியிருந்தேன். அதுதான் அவர்களுடைய பிள்ளையார். அதன் முன்னே வாடிய கொப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் எங்கள் செடியினுடையவை. காட்டுக்குள் போகிறவர்கள் வழியில் நிற்கும் பச்சையிலே ஒரு கொப்பு முறித்துப் பிள்ளையாரின் முன் இட்டுவிட்டே போவார்கள். போனவர் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. வீட்டிலிருந்து கொண்டுவந்தால் செல்லாது, வழியில் முறித்ததாக இருக்கவேண்டும் என்றார். முன்பு கல்லைச் சுற்றி மரங்கள் நின்றன. குடியேற்றத்துக்காகப் புல்டோசர் வந்து கல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் பெயர்த்துத் தள்ளியது. அதன்பின் ஒரு கொப்புக்காகக் குளக்கட்டைச் சுற்றி நடந்திருக்கிறார்கள், எங்கள் செவ்வரத்தை தழைக்கும்வரை. வஞ்சம் என்று நாங்கள் கண்டது அவர்களுடைய நன்றி. தர்மம் என்று அவர்கள் கண்டது அம்மாவின் பிடிவாதம்.

இதைச் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. கை அப்படியே நின்றது. “சாமிக்குப் பூவெல்லோ வைக்கிறது? கொப்பை முறிச்சுப் போடுற சாமியும் உண்டோ?” என்றா. பிறகு, தன்னைக் கேளாமல் தன் செடிக்கு ஊரார் சொந்தம் கொண்டாடுவதா என்ற ஆத்திரம் வந்தது. செடி இப்போதே ஒரு பக்கம் மொட்டையாகி நிற்கிறது, இப்படியே போனால் பட்டுவிடும் என்றா. அதில் உண்மையும் இருந்தது. அன்று மாலையே ஐயா முள்ளுக் கிளைகளை அலம்பலாக வெட்டிவந்து, ஆளுயரத்துக்குச் செடியைச் சுற்றி நெருக்கிக் கட்டினார். மறுநாள் வள்ளியம்மை வந்து முள்வேலியைப் பார்த்தார். குளக்கட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே நடந்தார்கள். ஒருவராவது ஏசியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சில நாட்களின்பின் ஐயா மாட்டுக்கொட்டிலுக்குக் கப்பு மரம் வெட்டக் காட்டுக்குப் போனார். வழி தெரியும் என்று தனியே போனார். மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை. வெயில் சாயத் தொடங்கியும் வரவில்லை. காட்டை நான் இலக்கியத்தில் முல்லை நிலமாகப் படித்திருக்கிறேன். போனவனுக்காகக் காத்திருத்தல் அந்நிலத்துக்கு உரிய ஒழுக்கம் என்று தேர்விலும் எழுதியிருக்கிறேன். காத்திருக்கிறவளின் வாய் உலர்ந்துபோகும் என்பதையும், காட்டின் ஒவ்வொரு ஓசையும் அவளுக்கு ஒரு செய்தியாகிவிடும் என்பதையும் எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. நான் பழைய கிராமத்துக்கு ஓடினேன். வள்ளியம்மையின் கணவர் கணபதி தேன் எடுக்கிறவர். அந்தக் காட்டை அறிந்தவர். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். இன்னும் சிலரும் பந்தங்களோடு வந்தார்கள்.

எங்கள் படலையடியில் அவர்கள் நின்றுவிட்டார்கள். குளக்கட்டைச் சுற்றி வர நேரமில்லை, வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கொப்பு இடாமல் காட்டில் கால் வைக்கவும் அவர்களுக்கு மனம் வரவில்லை.  முள்வேலியைப் பார்த்தபடி நின்றார்கள். என் தந்தை அந்தக் காட்டில் எங்கேயோ கிடக்க, வளர்ந்த ஆண்கள் ஒரு செடியின் முன் அசையாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டு நானும் நின்றேன். 

அம்மா வந்தா. கத்தி எடுக்கவில்லை. அலம்பலை இரண்டு கையாலும் பற்றி இழுத்தா. முள் கிழித்து முழங்கைவரை இரத்தம் ஓடியது. வேலி சரிந்ததும், தானே செவ்வரத்தையின் கொப்புகளை முறித்தா, மொட்டு நின்றதா, பூ நின்றதா என்று பாராமல். ஆளுக்கொன்றாக ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தா. கடைசிக் கொப்பைக் கணபதியிடம் நீட்டி, “அண்ணை, பிள்ளையாரிட்டச் சொல்லுங்கோ, வேலி கட்டினது நான்தான், பிள்ளையின்ர ஐயா இல்லையெண்டு,” என்றா.

“அதெல்லாம் அவருக்குத் தெரியும் தங்கச்சி. நீங்கள் போய்க் கையைக் கழுவுங்கோ,” என்றார் கணபதி.

நன்றாக இருண்ட பிறகு ஐயாவைக் கொண்டுவந்தார்கள். வழி தவறிச் சுற்றியிருக்கிறார். கரடியின் உறுமல் கேட்டுப் பாலை மரத்தில் ஏறியிருக்கிறார். “கரடி போய்க் கனநேரம். இவருக்கு ஏறத் தெரிஞ்சது, இறங்கத்தான் தெரியேல்லை,” என்று கணபதி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் வெட்கத்தோடு சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. படலையடியில் குச்சிகளாக நின்ற செடியையே பார்த்துக்கொண்டிருந்தா. அது பிழைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா போய்விடுவா என்பதும், ஐயாவின் காணி கைவிட்டுப் போகும் என்பதும் எனக்கு நிச்சயமாகிவிட்டன. ஐயாவும் அதைத்தான் நினைத்திருப்பார். மறுநாள் அவராகவே றங்குப்பெட்டியைத் துடைத்து வாசலில் வைத்தார்.

அம்மா அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தா. எஞ்சி நின்ற முற்றிய தடிகளில் அடித்தண்டை மட்டும் விட்டு, மற்றவற்றைச் சாண் அளவாக வெட்டினா. இலையை நீக்கி, ஒவ்வொரு நுனியிலும் சாணம் அப்பி, படலையிலிருந்து கல்வரைக்கும் பாதையோரமாகச் சாய்த்து நட்டுக்கொண்டு போனா. வள்ளியம்மை வாய்க்காலில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தார். எதற்கு இத்தனை என்று கேட்டேன். “முறிக்கிற சனத்துக்கு முறிக்க வேணுமெல்லோ? எல்லாரும் ஒண்டிலயே கை வைச்சால் அது என்ன செய்யும்?” என்றா. நான் புறப்படும் நாளில் அடித்தண்டின் கணுக்களில் நெல்மணி அளவில் பச்சை வெடித்திருந்தது. அது பிழைத்துக்கொண்டதன் அடையாளமா, கடைசி ஈரத்தின் செலவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

றெயிலடிக்குப் போகும் வண்டியில் பெட்டி ஏறியது, நான் ஏறினேன். அம்மா ஏறவில்லை.

“பெட்டி போகட்டும். இஞ்ச கறையான் அரிக்குது,” என்றா. “நான் நிண்டு தண்ணி ஊத்தாட்டில் இந்தத் தடியெல்லாம் காஞ்சு போம்.” பிறகு வேலிக்கு வெளியே புதிதாகத் துளிர்த்திருந்த நொச்சியில் ஒரு நுனியை முறித்து என் கையில் வைத்தா.

“நான் யாழ்ப்பாணத்துக்கெல்லோ போறன் அம்மா. காட்டுக்கில்லையே.”

“அதுக்கென்ன? போட்டு வரவேணுமெல்லோ,” என்றா.

வண்டியை நிறுத்தி, அதைக் கல்லின் முன் வைத்துவிட்டு வந்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊரை, திரும்பி வருவதற்குக் காவல் வேண்டிய இடமாக என் தாய் எண்ணத் தொடங்கிவிட்டா என்பது, றெயில் பளையைத் தாண்டி, பனைகளும் வெள்ளை மணலும் வந்த பிறகுதான் முழுமையாக எனக்கு உறைத்தது.

றெயிலடியிலிருந்து வந்த வண்டி மாமா வீட்டு வாசலில் நின்றபோது மாமி ஓடிவந்து, என்னைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தா. அம்மா வருவா என்று நடு அறையைக் கூட்டி, புதுப்பாய் விரித்து, தலையணைக்கு உறையும் போட்டு வைத்திருந்தா. நான் விவரம் சொல்லத் தொடங்குமுன், பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் வேறு இடம் காணாமல் அதை அந்தப் பாயின்மேல் இறக்கி வைத்தார்கள்.