பதினேழு முறை 'மெர்கோங் சிறந்த கல்யாண மாலை'

மெர்கோங் ஊரில் நான் வேலை செய்யும் மாலைக் கடையின் இணையப் பக்கத்துக்கு ஒரு சின்னக் கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன். கல்யாண மாலையை மறுநாள் வரை வாடாமல் எப்படி வைப்பது என்று.

கடையில் அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் அண்ணன் அதைத் திருத்தினார்.

"கூகுள்ல மேல வரணும்லா. பள்ளிக்கூடத்துல படிவம் மூணோட நின்னவ, உனக்கு இதெல்லாம் தெரியாது."

திருத்தம் என்றால், 'மெர்கோங் சிறந்த கல்யாண மாலை' என்பதைப் பதினேழு இடத்தில் திணித்திருந்தார். எண்ணினேன். 'ஈரத்துணியில் சுற்றி வைக்கவும்', 'ஃப்ரீசரில் வைக்கவே கூடாது' என்ற வரிகளைக் காணவில்லை.

இன்று காலை எட்டு மணிக்கு ஓர் அக்கா ஓடி வந்தார். நேற்று வாங்கிய மல்லிகை மாலை கையில் கறுத்துக் கிடந்தது. பத்து மணிக்குக் கோயிலில் அவர் தங்கைக்குத் தாலி கட்டு.

"எப்படி வைக்கணும்னு உங்க பக்கத்துல தேடுனேன்மா. சிறந்த மாலை, சிறந்த மாலைன்னுதான் இருக்கு. ஃப்ரீசர்ல வெச்சிட்டேன்."

அண்ணனுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, தேடுனா நம்ம கடைதான் மொதல்ல வருது!"

நான் என் பழைய கட்டுரையைத் திறந்து, கைப்பேசியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் புது மாலை கட்ட உட்கார்ந்தேன்.

படித்து முடித்தார். "இத ஏன் போடல?"

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

புது மாலை ஒன்பதரைக்கே கோயிலுக்குப் போய்விட்டது. இணையப் பக்கத்தில் கட்டுரை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கூகுள் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதில்லை என்று அண்ணனிடம் யாராவது சொல்லுங்களேன். எனக்குக் கூச்சம்.