சிவப்பு மேலே

என் அம்மாவின் தம்பி, அதாவது என் தாய்மாமன், தாய் தகப்பன் இல்லாதவர். எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். திண்டிவனத்தில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிற வேலை. நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது மாமா காலேஜை முடித்துவிட்டு, ஏரோப்ளேன் பட்டாளத்தில் சேர மெட்ராசுக்குப் போனார். தெருவே வந்து பஸ் ஏற்றிவிட்டது. திரும்பி வந்தவர், "கூப்பிடுவாங்க" என்று மட்டும் சொன்னார். யாரும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர் ஆகிவிட்டார். அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்:

"பட்டாளம் இல்லன்னா இன்னா மச்சான், மண்டி இருக்குது. அறுப்பு முடிஞ்சதும் என்கூட வந்துடு."

மாமா பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

காலேஜில் அவருக்குச் சின்ன விமானம் செய்யச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஒருவர் விழுப்புரத்தில் இருந்தார். பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கற்றுத்தர அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒரு விமானம் செய்து வை, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், நன்றாகப் பறந்தால் நீயே வந்துவிடு என்று சொல்லி, கைக்கு அடக்கமான எஞ்சின் ஒன்றையும் கொடுத்தனுப்பினார். மண்டிக்குப் போகாமல் இருக்க மாமாவுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

இப்போது இந்த மாதிரிச் சின்ன விமானங்களை ரேடியோ வைத்துப் பறக்க விடுகிறார்களாம். மாமாவுடையதற்கு இரண்டு நீளக் கம்பி. ஒரு முனை விமானத்தில், மறுமுனை கையில் பிடிக்கிற கட்டையில். கட்டையைச் சாய்த்தால் கம்பி இழுபட்டு, இறக்கையின் பின்னோரத்திலும் வாலிலும் இருக்கிற பட்டைகள் அசையும். விமானம் ஏறும், இறங்கும். அந்தப் பட்டையை இறக்கையோடு சேர்ப்பதுதான் பாடு. நூல்தான் கீல். மாமா ஊசியால் ஓரமெல்லாம் ஓட்டை போடுவார். நான் நூலை மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் என்று மாற்றி மாற்றி எட்டு போல ஓட்ட வேண்டும். விரல் சின்னதாக இருந்ததால் எனக்கு அந்த வேலை.

நானோ அம்மாவோடு உட்கார்ந்து முல்லை கட்டிப் பழகினவள். கை தன்னால் முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டது. பட்டை ஆணி அடித்த மாதிரி நின்றது.

"பூவாடி கட்டுற? இது அசையணும்."

"இறுக்கலன்னா உதிர்ந்துடும் மாமா."

"உதிரவும் கூடாது, இறுகவும் கூடாது. அவுத்துட்டு இன்னொரு தபா போடு."

அவிழ்த்து அவிழ்த்துப் போட்டேன். கடைசியில் மாமா வாயால் ஊதினார். பட்டை, ஆட்டுக்குட்டி காதை ஆட்டுகிற மாதிரி ஆடியது. மெட்ராசிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் மனசாரச் சிரித்துப் பார்த்தேன்.

அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. நூல் டப்பாவைத் திறந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"பாப்பா, இது இன்னா கலரு?"

"செவப்பு."

"இது?"

"பச்ச. எனக்குத் தெரியாதா? எதுக்கு மாமா தெனம் கேக்குறீங்க?"

"நீ மறந்துட்டியான்னு பாத்தேன்."

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்கிறாரே என்று எனக்கு ரோஷமாக இருக்கும். இத்தனைக்கும் அவர் லட்சணம் எங்களுக்குத் தெரியும். கொல்லையில் பழுத்த மிளகாய் பறித்து வரச் சொன்னால் காயும் பழமுமாக அள்ளிக்கொண்டு வருவார். "காலேஜு படிச்சிக்கினு வந்த தொரைக்குக் காயும் பழமும் ஒண்ணு" என்று அம்மா கேலி பேசுவாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மேல் கம்பிக்குச் சிவப்பு நூல், கீழ்க் கம்பிக்குப் பச்சை நூல் என்பது மாஸ்டர் வைத்த வழக்கம். கட்டையில் அவற்றைச் சுற்றியவளும் நான்தான். சிவப்பு மேலே இருக்கும்படி பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால், ஏற்றப் பார்க்கும்போது விமானம் இறங்கிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ என் பக்கத்துலயே நில்லு. செவப்பு மேலன்னு சொல்லி என் கையில குடு. அதான் உன் வேல."

அவ்வளவு பெரிய வேலையை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூட்டம் கூடியது. மாஸ்டர் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஓரத்தில் அப்பா விமானத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார, மாமா எஞ்சினைச் சுழற்றிவிட்டார். நான் நடுவில் கட்டையோடு நின்றேன். எஞ்சின் அலறியதும், கம்பி அறுந்தால் குழந்தை கழுத்தில் சுற்றிக்கொள்ளும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அம்மா ஓடிவந்து கட்டையைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு, என்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மாமா நடுவுக்கு வந்து கட்டையை எடுத்தார். பார்த்தார். திருப்பினார். மறுபடி பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிக் கையைத் தூக்கினார். விடச் சொல்கிறார் என்று நினைத்து அப்பா விமானத்தை விட்டுவிட்டார்.

அது இடுப்பு உயரம் எழும்பியது. மாமா இன்னும் ஏற்ற நினைத்துக் கையைச் சாய்த்தார். விமானம் மூக்கு குப்புற மண்ணில் குத்தியது. இறக்கை இரண்டாக முறிந்தது. நான் கட்டிய நூல் மட்டும் அறுந்திருக்கவில்லை. முறிந்த துண்டில் பட்டை காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் கட்டையை வாங்கிப் பார்த்தார்.

"தலகீழாப் புடிச்சிருக்கியேப்பா. இவ்ளோ பட்டையா கலரு சுத்தியிருக்குது. இதப் பாக்கலன்னா பசங்களுக்கு நீ எப்படிச் சொல்லிக் குடுப்ப?"

மாமா வாயைத் திறந்தார். சுற்றி நின்ற எங்களையெல்லாம் பார்த்தார். "அவசரத்துல பாக்கல சார்" என்றார். மாஸ்டர் எஞ்சினைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"மண்டித் தராசு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் மச்சான். மாத்திப் புடிச்சாலும் பரவால்ல" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். எனக்கு மட்டும் கோபம்.

"செவப்பு கூடவா தெரியல உங்களுக்கு?"

மாமா என் தலைமேல் கையை வைத்தார்.

"நீ நல்லாத்தான் கட்டின பாப்பா."

அறுப்பு முடிந்ததும் மண்டிக்குப் போனார். மயிர் நரைக்கும்வரை அந்தத் தூசியில்தான் நின்றார். அவர் போய்ச் சேர்ந்தும் சில வருஷம் ஆகிறது.

போன மாசம் என் மகள் வயிற்றுப் பேரனை விழுப்புரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ரயில் ஓட்டுகிற வேலைக்கு எழுதிப் பாஸானவனைக் கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். டாக்டரம்மா கலர் கலராகப் புள்ளி வைத்த புத்தகத்தைக் காட்டினார். எனக்கு அதில் எண் பளிச்சென்று தெரிந்தது. பேரன் வெறும் புள்ளிதான் என்றான். சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரிந்து தெரியாதாம்.

"இது அம்மா வழியில வர்றது. உங்க தாய்மாமன் யாருக்காச்சும் இருந்துச்சாம்மா?"

எனக்குப் பெரிய மனுஷர்கள் கேட்டால் சட்டென்று பேச வராது. "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போது பேரன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் நூல் டப்பா என் கண்முன்னால் வந்தது. பரீட்சை வைக்கிறார் என்றல்லவா நான் தலையை நிமிர்த்திப் பதில் சொன்னேன். அன்றைக்கு மைதானத்து நடுவில் மாமா என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாரே, அத்தனை கூட்டத்தில் எனக்கு மட்டும் கை காட்டுகிறார் என்று பூரித்துப்போய், மரத்தடியிலிருந்து நானும் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.