சனம் ஏறின கப்பல்

சண்டைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. மல்லாவியில் எங்கள் வீட்டு வானொலி என் கைப்பலத்தில்தான் பேசியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவிலிருந்து அதற்கு உயிர் வரும். கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவர் முனகத் தொடங்குவார். "சுத்து பிள்ளை, சுத்து!" என்று முற்றத்தில் குந்தியிருக்கும் ஆம்பிளைகள் கத்துவார்கள். ஒருவராவது எழும்பி வந்து கை கொடுப்பாரா? செய்தி கேட்பது அவ்வளவு பாரமான வேலை!

இயக்கத்தின் தாக்குதலில் நேவிக் கப்பல் அடிபட்டது என்று செய்தி வந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். பெரியப்பா தோடம்பழ இனிப்பு வாங்கிக் கொடுப்பார். சுற்றியவள் என்பதால் எனக்கு இரண்டு. கப்பல்கள் அடிக்கடி அடிபட வேண்டும் என்பதே அந்த வயதில் என் ஆசை.

ஒரு பின்னேரம் திருகோணமலைக் கடலில் கப்பல் ஒன்று அடிபட்டதாக வானொலி சொன்னது. கைதட்டல் எழுந்தது. நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன். அதனால் அடுத்த வரி நல்ல துலக்கமாகக் கேட்டது. அது யாழ்ப்பாணத்துக்குச் சனம் ஏற்றிப்போன கப்பல்.

அந்தக் கிழமைதான் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, திருகோணமலையில் கப்பலேற இருந்தார். "ஐயோ, என்ர தங்கச்சி!" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

பெரியப்பா வானொலி முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வானொலி இயக்கம்தான் அடித்தது என்றது. மற்றது, கப்பலில் ஆமியும் இருந்தது என்றது. பக்கத்து வீட்டு மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமி ஏறியிருந்தா அடிக்கத்தானே செய்வினம்?"

"பேசாமல் இரும்!" என்றார் பெரியப்பா. "ஆமி ஏறினா, மற்றதுகள் சனம் இல்லையெண்டு ஆகிடுமோ?"

எங்கள் முற்றத்தில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அம்மா பல நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிறகு வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் சேதி கொண்டுவந்தார். சின்னம்மா உயிரோடு இருக்கிறார். கைக்குழந்தையோடு அந்தரப்பட்டு நின்ற ஒருத்திக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுக் கரையிலேயே நின்றுவிட்டாராம். அம்மா சந்தோசத்தில் விழுந்து அழுதார். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவதாக நேர்ந்தார்.

"அந்தப் பிள்ளைக்காரிக்கு என்ன நடந்ததாம்?" என்று பெரியப்பா கேட்டார்.

வந்தவர் குனிந்து தேத்தண்ணியைக் குடித்தார்.

அதற்குப் பிறகும் கப்பல் செய்திகள் வந்தன. முதல் தடவை வந்தபோது நான் முற்றத்தைப் பார்த்தேன். ஒரு கையும் தட்டவில்லை. "அதுக்குள்ள ஆர் இருந்ததாம்?" என்று மாமாதான் மெல்லக் கேட்டார். செய்தி முடியுமுன்பே பெரியப்பா எழும்பி வந்து பெடலிலிருந்த என் கையைப் பிடித்தார்.

"சுத்தினது காணும் பிள்ளை, விடு."

இந்த மனிதருக்கு இப்போதாவது என்மேல் இரக்கம் வந்ததே என்று எனக்குள் ஒரே புளுகம், சந்தோசம்.

"எனக்குக் கை நோகேல்லை பெரியப்பா," என்றேன். "இன்னும் சுத்துவன்."