பன்னிரண்டு செகண்ட் பொய்

போன மாதம் ஒருநாள் காலை. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் மாரியப்பன் எங்கள் வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டார். தோளில் முழு சிலிண்டர். உள்ளே வரவும் இல்லை, இறக்கி வைக்கவும் இல்லை.

“என்ன மாரியப்பன், வாங்க!”

“இல்ல அண்ணாச்சி… உள்ள சிவப்பு எரியுது. வரலாமா?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டுக் கொல்லைவாசல் நிலைக்கு மேலே ஒரு டிராபிக் சிக்னல் தொங்குகிறது. பொம்மை இல்லை, நிஜமானது. தெருவாசலில் நின்று பார்த்தால் ஹால், சமையலறை எல்லாம் தாண்டி நேராகக் கண்ணில் படும். பச்சை விழும்வரை சிலிண்டர் தோளிலேயே இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் என் மனைவி கோமதி குரல் கொடுத்துவிட்டாள்.

“அது அவிய வெளயாட்டுச் சாமான். நீங்க வாங்க.”

விளையாட்டுச் சாமான்தான். ஆனால், அன்றைக்கு அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது அவளுக்காக.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன் — பழைய டிராபிக் சிக்னல் பெட்டிகளை வாங்கி, ரிப்பேர் செய்து, ஓடவைத்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. கம்ப்யூட்டரும் சிப்பும் வருவதற்கு முன்னால் பெரிய ஊர்களின் சாலை முனையில் இரும்புப் பெட்டி ஒன்று நிற்குமே, அதேதான். சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள். சிலர் ரோஜாச்செடி வளர்க்கிறார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ரிலே சுவிட்சுகளோடு குடும்பம் நடத்தியவனுக்கு வேறு எதில் மனசு போகும்?

பெட்டிக்குள் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. சின்ன மோட்டார் ஒன்று ஒரு வட்டத் தட்டைச் சுழற்றுகிறது. தட்டின் விளிம்பில் நூறு பள்ளங்கள். ஒரு சுற்றுக்கு நூறு செகண்ட். நமக்கு வேண்டிய பள்ளத்தில் ஒரு முளையைச் செருகி வைக்க வேண்டும். அந்த முளை சுற்றி வந்து ஒரு நெம்புகோலைத் தட்டும்… கடக்! சிவப்பு அணைந்து பச்சை எரியும். அடுத்த முளை தட்டினால் மறுபடி சிவப்பு. இரண்டு முளைகளுக்கும் நடுவில் எத்தனை பள்ளமோ, அத்தனை செகண்ட் பச்சை.

இந்தப் பெட்டி மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. மோட்டார் எரிந்துபோயிருந்தது. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற முருகேசன் அண்ணாச்சிதான், பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைமுடி கனத்துக் கம்பியைச் சுற்றித் தந்தார். “அஞ்சு ஏக்கருக்குத் தண்ணி பாய்ச்சுற மோட்டாரு கூட இந்தப் பாடு படுத்தல அண்ணாச்சி” என்றார். பிறகு கரி பிடித்த கான்டாக்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தேன். இன்றைக்கும் வாரம் ஒருமுறை பிரஷ் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ஆடிக்காற்று கொண்டுவந்து கொட்டிய கரிசல் புழுதியில் பல்சக்கரம் திக்கும்.

சரி, கோமதிக்கு வருகிறேன்.

கோமதி புதியம்புத்தூர்க்காரி. தையல் மெஷின் சத்தத்தில் தூங்கிப் பழகியவள். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் தெருமுனைக்கு நேர் எதிரே அவளுடைய தையல்கடை. பிளவுஸ், பாவாடை, சின்னப் பிள்ளைகளுக்குக் கவுன். மூன்று மெஷின், கூட இரண்டு பெண்கள். பத்தொன்பது வருஷமாக அவள்தான் முதலாளி. நான் எப்போதாவது மெஷினுக்கு எண்ணெய் விடப் போகும் எடுபிடி.

போன வருஷக் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன், பிளேட், ஸ்குரூ, மாதக்கணக்கில் படுக்கை. ஒருவழியாக டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, “எலும்பு நல்லா கூடிட்டு. இனி நடக்கணும்” என்றார்.

நடந்தாள். கையில் ஸ்டிக்கோடு ஒருநாள் தனியாகவே கடைக்குக் கிளம்பினாள். தெருமுனை சிக்னலில் நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்ததும் இறங்கினாள். பாதி சாலைதான் போயிருப்பாள், பச்சை போய்விட்டது. ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தது. பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி. நடுவில் இருந்த இரும்புத் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கடைப் பெண்கள் எதிர்ப்பக்கமிருந்து ஓடிவந்து அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, “தீபாவளிக்கு முன்னாடி கடையை யாருக்காவது கைமாத்தி விட்ருங்க” என்றாள்.

ஆட்டோவில் போகலாமே என்றேன். “ஒரு ரோட்டைத் தாண்டதுக்கு ஆட்டோவா? ஊரு சிரிக்கும்.” நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றேன். “தெனமும் காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க, பிடிச்சுக்கிட்டே இருப்பீங்களா? நான் என்ன பச்சப்புள்ளையா?” ஆனால் சாயங்காலம் எதிர்ப்பக்கம் கடையில் விளக்கு போடுகிற நேரத்துக்கு அவள் ஜன்னல் பக்கம் போய் நிற்பதை நான் பார்த்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஸ்டாப்வாட்சோடு தெருமுனைக்குப் போனேன். நடப்பவர்களுக்குப் பச்சை இருபத்திநாலு செகண்ட். வண்டி குறைவான விடியற்காலையில் சாலையை அளந்தேன்; என் நடைக்கு இருபது காலடி. வீட்டுக்கு வந்து தெருவாசலிலிருந்து கொல்லைவாசல் வரை நடந்தேன். அதுவும் இருபது காலடி! அந்த நிமிஷமே பெட்டியை ஹால் மூலைக்கு நகர்த்தி, முளைகளுக்கு நடுவே இருபத்திநாலு பள்ளம் வைத்து, விளக்கைக் கொல்லைவாசல் நிலையில் மாட்டிவிட்டேன். மஞ்சள் பல்பை மட்டும் கழற்றிவிட்டேன். நடப்பவர்களுக்கு ஏது மஞ்சள்?

கோமதி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு தெருவாசலில் போய் நின்றாள்.

பச்சை. நடந்தாள். ஹாலைத் தாண்டும்போதே கடக்… சிவப்பு. நின்ற இடத்தில் நின்றவள், “இங்கனயுமா?” என்றாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அங்கேதான் நான் அந்த வேலையைச் செய்தேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து, ஒரு முளையைப் பிடுங்கி, இருபது பள்ளம் தள்ளிச் செருகிவிட்டேன். இருபத்திநாலு செகண்ட் நாற்பத்திநாலு ஆகிவிட்டது.

மறுநாள் அவள் கொல்லைவாசலைத் தொட்டபோது பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். விழுந்ததற்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை. “அதே இருபத்திநாலுதானா?” என்றாள். “அதேதான்” என்றேன். கூசாமல் சொன்னேன்.

என் திட்டம் என்னவென்றால், அவள் வேகம் கூடக் கூட, அவளுக்குத் தெரியாமல் ஒவ்வொரு பள்ளமாகக் குறைத்துக்கொண்டே வந்து இருபத்திநாலில் நிறுத்திவிடுவது. நன்றாகத்தான் போனது. நாற்பது ஆயிற்று, முப்பத்தெட்டு ஆயிற்று, முப்பத்தாறு ஆயிற்று. அப்போதுதான் ஒரு புதன்கிழமை மத்தியானம் சாப்பிட உட்காரும்போது கோமதி சொன்னாள்.

“வெள்ளிக்கெழமை கடைக்குப் போறேன். தனியா. நீங்க வர வேண்டாம்.”

எனக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. என் பெட்டியில் முப்பத்தாறு. சாலையில் இருபத்திநாலு. நடுவில் பன்னிரண்டு செகண்ட். அந்தப் பன்னிரண்டு செகண்டில் என்னென்ன வண்டி வரும் என்று எனக்குத் தெரியாதா? அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கோமதி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அளவுல யாராவது பொய் சொல்லுவாங்களா?” என்றாள். “ஒருத்தி பிளவுசுக்கு அளவு குடுக்க வாரா. மெலிஞ்சிட்டேன்னு அவ சந்தோஷப்படட்டும்னு நான் ரெண்டு இஞ்ச் கொறச்சு எழுதி வச்சா, தைச்சு வாங்கிட்டுப் போறவ கதி என்ன? கல்யாண வீட்டுல வச்சுல்லா பிரியும்?”

யோசித்துப் பார்த்தால், நாமெல்லாருமே பிரியமானவர்களுக்காக எங்கேயாவது ஒரு முளையைத் தள்ளி வைக்கிறவர்கள்தான். சுமாரான பாட்டை ஆஹா என்கிறோம். வேகாத சோற்றை அருமை என்கிறோம். அதில் ஒன்றும் குடி முழுகிப்போவதில்லை. ஆனால், அந்தத் தைரியத்தில் அவர்கள் சாலையில் இறங்கிவிட்டால்? நான் அவள் மேல் வைத்தது பிரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் தாங்கமாட்டாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேனே… அதுதான் அவளை உறுத்தியிருக்கிறது.

இரண்டு நாள் அவள் நடக்கவே இல்லை. பெட்டி சும்மா கிடந்தது. கடையும் போயிற்று, அவள் சிரிப்பும் போயிற்று, எல்லாம் என்னால்தான் என்று நொந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஸ்டிக் சத்தம் கேட்டது. நேராகப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“தொறங்க. எந்த முளை?”

காட்டினேன். “எத்தனை பள்ளம்?” ஒவ்வொன்றாக விரல் வைத்து அவளே எண்ணினாள். முளையை அவளே பிடுங்கி, இருபத்திநாலாவது பள்ளத்தில் அவளே செருகினாள். துணியில் கோடு போடுகிற சாக்கால் அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்தாள். பெட்டியைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இனிமே இதுல கை வச்சீங்கன்னா பாருங்க.”

அன்றைக்கு அவள் ஃபிரிட்ஜ் பக்கம் வரும்போதே சிவப்பு விழுந்துவிட்டது. அதே சாக்கால் சுவரில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். நாலைந்து நாளில் கோடு சமையலறை நிலைக்கு வந்தது. பிறகு ஒரு வாரம் அங்கேயே நின்றது. கால் வீங்கியது, ஐஸ் வைத்தோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் ஏதாவது ஆறுதல் வந்துவிடுமோ என்று எனக்கே பயம்! அப்புறம் கோடு மெல்ல நகர்ந்து வாஷ்பேசினைத் தாண்டியது. மாரியப்பன் சிலிண்டரோடு வந்து நின்றது அந்த நாட்களில்தான்.

கடைசியில் ஒருநாள் அவள் கொல்லைவாசல் நிலையைத் தொட்ட பிறகு கடக் சத்தம் கேட்டது. நான் துள்ளிக் குதித்தேன். அவள் நிதானமாகக் கோடு போட்டுவிட்டு, “நாளைக்கும் வந்தாத்தான் கணக்கு” என்றாள். மறுநாளும் வந்தது. பத்து நாள் விடாமல் வந்தது.

போன வெள்ளிக்கிழமை, கடைக்குக் கிளம்பினாள்.

“நான் பின்னால வரட்டுமா கோமதி?”

“வாங்க. ஆனா கையை நீட்டப்படாது.”

தெருமுனையில் நின்றோம். பச்சை விழுந்தது. அவள் இறங்கினாள். நானும் பின்னாலேயே போயிருக்க வேண்டும். கால் வரவில்லை. நின்ற இடத்திலேயே சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பதினாறில் அவள் ஸ்டிக் ஒரு குழியில் சிக்கியது. ஒரு கணம் நின்றாள். பதினேழு. பதினெட்டு. மறுபடி நடந்தாள். இருபத்திரண்டில் எதிர்ப்பக்கக் கல்லில் அவள் கால் ஏறியது.

சிவப்பு விழுந்தது. தீப்பெட்டி பண்டல் ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு நடுவே மெதுவாகப் போனது. அது போகும்வரை அவள் என் கண்ணில் படவில்லை. அதற்குள் எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. வெட்கமாக இல்லை.

லாரி நகர்ந்ததும் பார்த்தேன். கடைப் பெண்கள் இரண்டு பேரும் வாசலுக்கு ஓடிவந்திருந்தார்கள். கோமதி கடைக்குள் போகாமல், என்னைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். நான் எதையும் யோசிக்காமல் சாலையில் ஒரு காலை வைத்துவிட்டேன். உடனே ஸ்டிக்கை உயர்த்தி ஒரு சத்தம் போட்டாள்.

“அங்கனயே நில்லுங்க! பச்சை விழட்டும். இருபத்திநாலு செகண்டு இருக்கு… நிதானமா வரலாம்.”